நாலாவது வாரத்தில்தான் ஆட்டம் ஆரம்பம்: சமூகப் பதற்றத்துக்கு ஆன்லைன் சிபிடி

சமூகப் பதற்றத்துக்காக நான் சேர்ந்த ஆன்லைன் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை) பயிற்சியில் ஒரு வழியாக எட்டு மாட்யூலும், அதாவது எட்டுப் பாடப்பகுதிகளும், முடிந்தது. சிபிடி என்றால் என்ன என்று முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. சேரலாமா என்று யோசிக்கிற மாணவருக்கு அது தெரிந்திருக்கும். எங்கெங்கே கால் இடறும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் இடறல் சேர்க்கைக் கேள்வித்தாளிலேயே இருக்கிறது. பெரும்பாலும் சமூகப் பதற்றத்தை அளக்கும் லீபோவிட்ஸ் அளவுகோலைத் தருவார்கள். மொத்தம் 24 சூழல்கள்; ஒவ்வொன்றுக்கும் பயத்துக்கு ஒரு மதிப்பெண், தவிர்ப்புக்கு ஒரு மதிப்பெண், இரண்டும் 0 முதல் 3 வரை. ஆக மொத்தம் அதிகபட்சம் 144. கேட்பது கடந்த ஒரு வாரத்தைப் பற்றி. லீவில் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்த வாரத்தில் இதை நிரப்பினால் பயம் எங்கிருந்து வரும்? வரிசையாக 0, 1 என்று போட்டு அனுப்பி, 'இந்தப் பயிற்சி உங்களுக்குத் தேவைப்படாது' என்று தானியங்கிப் பதில் வாங்கியதுதான் மிச்சம். அந்த வாரம் நேராத சூழலாக இருந்தால், நேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து போட வேண்டும். கேள்வித்தாளின் குறிப்பிலேயே இது இருக்கிறது, நாம்தான் படிப்பதில்லை.

கூடவே மனச்சோர்வுக்கான பிஎச்க்யூ-9 தாளும் வரும். அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. சேர்க்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்து அதில் பொய் சொல்லாதீர்கள். அந்த எண்ணம் இருந்தால் முதலில் வேண்டியது நேரில் ஒரு மருத்துவர். தெரபிஸ்ட் வாரம் ஒருமுறை எழுத்தில் பதில் போடுகிற பயிற்சி அதற்குப் போதாது.

அடுத்தது காலண்டர். வாரம் ஒரு மாட்யூல் என்றால் முதல் மூன்று வாரம் படிப்பும் குறிப்பும்தான். நாலாவதிலிருந்து மனிதர்களிடம் போய்ச் செய்து பார்க்கிற வேலை. அது ஸ்டடி லீவில் விழுந்தால் பேசிப் பார்க்க ஆளே இருக்காது. பாதியில் நிற்பவர்கள் பலர் நிற்பது இங்கேதான். ஸ்டடி லீவ் தொடங்கும் தேதியிலிருந்து பின்னோக்கிப் பத்து வாரம் எண்ணி ஆரம்பியுங்கள். எட்டு மாட்யூலுக்குப் பத்து வாரம், ஏனென்றால் இரண்டு வாரம் எப்படியும் நழுவும்.

முதல் இரண்டு மாட்யூலை ஒரு மாலையில் படித்துவிடலாம். மூன்றாவதில் எண்ணப் பதிவேடு வரும்; பதற்றமான நேரத்தில் மனசில் ஓடியதைக் கட்டம் கட்டமாக எழுதுகிற தாள் அது. அதில் எல்லாரும் செய்கிற தவறு, எண்ணம் என்ற கட்டத்தில் 'பயமாக இருந்தது' என்று எழுதுவது. அது உணர்ச்சி. எண்ணம் என்றால், 'நான் கேள்வி கேட்டால் குரல் நடுங்கும், குறைந்தது மூன்று பேர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்', நம்பிக்கை 80 சதவீதம். இப்படி எண்ணிப் பார்க்கக்கூடியதாக எழுதினால்தான் பிறகு சரிபார்க்க முடியும். 'சொதப்பிவிடுவேன்' என்று எழுதினால் என்ன நடந்தாலும் சொதப்பல்தான். இன்னொன்று: சில தளங்களில் இருபது நிமிடம் சும்மா இருந்தால் லாகின் போய், எழுதியதும் போய்விடும். போன் நோட்ஸில் எழுதி ஒட்டுங்கள். இரண்டு முறை பறிகொடுத்த எரிச்சலில் சொல்கிறேன்.

இனி உண்மையான வேலை. 1995இல் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் முன்வைத்த விளக்கம்தான் இத்தகைய பல பயிற்சிகளுக்கு முதுகெலும்பு. பதற்றம் வந்ததும் கவனம் முழுக்க நம் மீதே திரும்பிவிடுகிறது; தப்பிக்க நாம் செய்கிற சின்னச் சின்னக் காப்பு வேலைகளே பயத்தைச் சாகாமல் வைத்திருக்கின்றன. கேள்வியை மனசுக்குள் நாலு தடவை ஒத்திகை பார்ப்பது, கை நடுங்குவது தெரியாமலிருக்க பாட்டிலை இறுக்கிப் பிடிப்பது, ஆன்லைன் வகுப்பில் கேமராவை அணைத்து வைப்பது எல்லாம் இதில் சேர்த்தி. இவற்றை வைத்துக்கொண்டே நூறு தடவை செமினாரில் பேசினாலும் மனசு சொல்லும்: 'ஒத்திகை பார்த்ததால்தான் தப்பித்தாய்.' 'நானும் எக்ஸ்போஷர் (பயப்படும் சூழலுக்குள் வேண்டுமென்றே போவது) செய்தேன், ஒன்றும் மாறவில்லை' என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

அதனால் ஒரே காரியத்தை இரண்டு முறை செய்ய வேண்டும். ஒரே ஆளிடம் ஐந்து நிமிடப் பேச்சு. முதல் தடவை வழக்கமான காப்பு வேலைகளோடு, கவனம் உங்கள் மேல். இரண்டாவது தடவை அவற்றைக் கைவிட்டு, கவனம் முழுக்க எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதில். ஒவ்வொன்றுக்கும் பிறகு பதற்றம் எவ்வளவு, எவ்வளவு மோசமாகத் தெரிந்திருப்பேன் என்று நூற்றுக்கு மதிப்பெண் போடுங்கள். இரண்டாவதில் எண் குறைவதைப் பார்க்கிற நிமிடம் இந்தப் பயிற்சியிலேயே பெரிய சந்தோஷம். பேசி முடித்த பத்து நிமிடத்துக்குள் இதை எழுதிவிடுங்கள். ராத்திரி படுக்கையில் எழுதினால் நடந்தது வராது, மனசு ஓட்டி ஓட்டிப் பார்த்துத் திரித்ததுதான் வரும்.

நாம் பேசுவதைப் பதிவு செய்து பார்க்கிற வீடியோ பயிற்சியில் பலர் செய்யாமல் தாண்டிப் போகிற படி ஒன்று உண்டு. பதிவைப் பார்ப்பதற்கு முன்பே என்ன தெரியும் என்று எழுத வேண்டும்: முகம் எவ்வளவு சிவந்திருக்கும், எத்தனை தடவை 'அது வந்து' என்றிருப்பேன். பிறகு யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். முன்கூட்டி எழுதாமல் பார்த்தால் பழைய கூச்சம்தான் மிஞ்சும்.

நேரில் குழு இல்லையே என்ற கவலை வேண்டாம். 2008இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்களில் ஒரு தரப்புக்கு இணையப் பாடம் மட்டும், இன்னொரு தரப்புக்கு அதோடு நேரடிக் குழுப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். சிறிய ஆய்வுதான். இரண்டு தரப்பும் தேறினார்கள். குழுவால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

தெரபிஸ்ட் உங்களுக்காகச் செலவிடுவது வாரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். 'நன்றாகப் போகிறது' என்று எழுதினால் 'தொடருங்கள்' என்று பதில் வரும். என்ன கணித்தேன், என்ன நடந்தது, எந்தக் காப்பு வேலையை விட முடியவில்லை என்று மூன்று வரி எழுதினால் பதிலும் அதே அளவு கூர்மையாக வரும்.

பயிற்சி முடிந்த சில வாரங்களில் லாகினை மூடிவிடும் தளங்கள் உண்டு. எட்டாவது மாட்யூலைத் திறக்கிற அன்றே பதிவேடுகள் அத்தனையையும் பதிவிறக்கி வையுங்கள். அடுத்த வைவாவுக்கு முன்னால் புரட்டிப் பார்க்க வேண்டியது பாடத்தை இல்லை, அந்த எண்களை.