பாக் விரிகுடாவின் இரு கரையிலும் கடல்தாழை அளந்தோம்

இந்தியா–இலங்கை கூட்டு ஆய்வுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்கள் சிலர், "மேடம், எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டு எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி இங்கே எழுதிவிடுகிறேன். 2022 கடைசியில் பேச்சாக ஆரம்பித்தது, 2025 பிப்ரவரியில்தான் கடலுக்கடியில் வளரும் புல்லான கடல்தாழைக்கு இரு கரைக்கும் பொதுவான ஓர் அளவு அட்டவணையாகக் கைக்கு வந்தது.

ஆரம்பமே ஒரு மனத்தாங்கலில்தான். கொழும்பில் நடந்த ஒரு பயிலரங்கில் யாழ்ப்பாணத்து ஆய்வாளர் ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். என்னைவிட வயதில் இளையவர். இருவர் மடிக்கணினியிலும் கடல்தாழைக் கணக்கு. ஒரே இனம், ஏறக்குறைய ஒரே ஆழம், ஒரே மாதம். அவர் பக்கம் கடல்தரையில் 70 சதவீதம் தாழை மூடியிருக்கிறது. என் பக்கம் 40. "உங்கட பக்கம் இழுவைமடி கூட அக்கா, அதாலதான் குறைஞ்சிருக்கு" என்றார். கடல்தரையை வாரி இழுத்துப்போகும் வலைதான் இழுவைமடி. எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதை ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ என் கையில் சான்று இல்லை. தாழைதான் வேறா, பார்த்த கண்கள்தான் வேறா? இந்த ஒரு கேள்வியைத் தீர்க்கத்தான் பிறகு இத்தனை படிவங்களும் நிரப்பினோம்.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்குள் தரை தட்டிவிடும். வெயில் அடிவரை இறங்குவதால் தாழை செழிக்கிறது, தாழை இருப்பதால் ஆவுளியா என்று எங்கள் மீனவர்கள் சொல்லும் கடற்பசு இருக்கிறது. 1974 ஒப்பந்தம் போட்ட எல்லைக்கோடு இந்தக் கடலின் நடுவே போகிறது. எங்கள் பக்கத்தில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவைக் காப்பதற்கான பன்னாட்டுப் புரிந்துணர்வில் இந்தியா 2008-லும் இலங்கை 2012-லும் கையெழுத்திட்டிருக்கின்றன. இருந்தும், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் அளவும் அந்தப் பக்கம் ஓர் அளவுமாக இருந்தால், மேயும் விலங்கு ஒன்றே என்றாலும் அதன் மேய்ச்சல் நிலத்தைப் பற்றி யாராலும் முழுதாகப் பேச முடியாது.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரு நாட்டுக் கூட்டுத் திட்டம் என்றால் ஒரே விண்ணப்பத்தை இரண்டு நாட்டிலும் தனித்தனியே போட வேண்டும். தலைப்பு, நோக்கம், ஆண்டு வாரியான வேலை மூன்றும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். எங்கள் திட்டத்தில் பயணச்சீட்டு, ஆளை அனுப்பும் நாட்டின் செலவு; தங்குமிடமும் உள்ளூர்ச் செலவும் அழைக்கும் நாட்டின் செலவு. கருவி வாங்கப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நாங்கள் உண்மையில் தடுக்கி விழுந்த இடம் மண். கடல்தரை மண்ணில் எவ்வளவு கரிமம் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க, அவர்கள் எடுத்த மண்ணை எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவருவதாகவும், எங்கள் தாழையை அவர்களுக்கு அனுப்புவதாகவும் எழுதியிருந்தோம். எழுதும்போது அது சாதாரணமாகத் தோன்றியது. இந்தியாவின் 2002 பல்லுயிர்ச் சட்டப்படி, வெளிநாட்டவர் ஆய்வுக்காக இங்குள்ள உயிர்வளத்தைப் பெற வேண்டுமானால் சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். அரசு ஒப்புதல் பெற்ற கூட்டுத் திட்டங்களுக்கு விலக்கு உண்டு. அதற்கான வழிகாட்டு நெறிகள் 2006-இல் வந்தன. அந்த நெறிகளுக்குள் எங்கள் திட்டம் அடங்குகிறது என்று தாள் தாளாகக் காட்ட வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி, மாதிரிகளை நாட்டை விட்டுக் கொண்டுபோகத் தனி அனுமதி. இதற்கிடையே ஓர் அலுவலகத்தில் எங்கள் கோப்பு ஐந்து மாதம் அசையாமல் கிடந்தது. நேரில் போய் நின்றபோதுதான் தெரிந்தது, 'மாதிரிப் பரிமாற்றம்' என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டிருந்தது.

அன்றிரவு நானும் அந்த யாழ்ப்பாணத்து ஆய்வாளரும் தொலைபேசியில் வெகுநேரம் பேசினோம். மண் எல்லை தாண்ட வேண்டுமென்ற அவசியம் என்ன என்று அவர்தான் கேட்டார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். இரண்டு ஆய்வகமும் ஒரே மாதிரி அளக்கிறது என்று நிரூபித்துவிட்டால் மண் அதனதன் நாட்டிலேயே இருக்கலாம். மாதிரிப் பரிமாற்றத்தை அடித்துவிட்டு, 'முறை ஒப்பீடு' என்று எழுதினோம். கோப்பு ஏழு வாரத்தில் நகர்ந்தது. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய மிக முக்கியமான யோசனை இதுதான்: முதல் நாளே, மாதிரி எல்லை தாண்டாத திட்டமாக எழுதுங்கள்.

முறையை ஒப்பிட எளிய வழி ஒன்று கண்டோம். உலர்ந்த மண்ணை உலையில் எரித்து, குறைந்த எடையிலிருந்து கரிமப் பொருளைக் கணக்கிடுவது வழக்கம். அவர்கள் 450 பாகை செல்சியஸில் எரித்தார்கள், நாங்கள் 550-இல். யாழ்ப்பாணப் பக்கம் சுண்ணாம்புப் பூமி, எங்கள் பக்கம் ஆற்று வண்டல் அதிகம். இரண்டும் சூட்டில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஆகவே இரு ஆய்வகமும் அவரவர் ஊரிலேயே தூய கால்சியம் கார்பனேட்டும் செல்லுலோசும் வாங்கி, நூற்றுக்கு ஐந்து பங்கு செல்லுலோஸ் சேர்த்து ஒரே பக்குவத்தில் கலந்தோம். 550 பாகை, நான்கு மணி நேரம். சேர்த்த செல்லுலோஸ் மட்டும் எரிந்து எடை ஐந்து சதவீதம் குறைந்தால் உலை சரி. முதல் தடவை எங்கள் உலைதான் தவறியது. வெப்பம் காட்டும் கருவி பழுதாகியிருந்தது. எத்தனை வருடக் கணக்கை அந்த உலையை நம்பி எழுதியிருப்போம் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது. பழைய பதிவேடுகளை எடுத்து, சந்தேகத்துக்குரியவற்றைக் குறித்துவைத்தோம்.

களப்பணிக்குத் தயாரான நேரத்தில், 2024 ஜனவரி முதல் ஓராண்டுக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களை அனுமதிப்பதில்லை என்று இலங்கை முடிவெடுத்திருந்தது. எங்களிடம் கப்பலே இல்லை. இருந்தாலும் 'ஆய்வுக்கலம்' என்று எங்கெல்லாம் எழுதியிருந்தோமோ அங்கெல்லாம் 'உள்ளூர் மீனவரின் வள்ளம்' என்று திருத்தினோம். அதுதான் உண்மையும்கூட. அவரவர் கடலில் அவரவர் குழு மட்டும் இறங்குவது, விருந்தாளிக் குழு இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டாமல் கரையோரத்திலும் ஆய்வகத்திலும் நிற்பது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டோம். சுற்றுலா விசாவில் வந்து களத்தில் இறங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விசாவின் வகை சரியாக இருக்கட்டும். இந்தியாவுக்கு வருபவர்கள் செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவியை உரிமம் இல்லாமல் கொண்டுவரக் கூடாது. யாழ்ப்பாணத்து நண்பர் பையில் வைத்திருந்த ஒன்றைக் கடைசி நேரத்தில் வெளியே எடுத்து வீட்டிலேயே விட்டுவரச் சொன்னேன்.

2024 செப்டம்பரில், முந்தைய மாதம் மீண்டும் தொடங்கியிருந்த நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் போனேன். என் பையில் அரை மீட்டர்ச் சதுரமாக ஒட்டிய பிவிசி குழாய்ச் சட்டம், குறுக்கும் நெடுக்கும் நைலான் கயிறு கட்டியது. சுங்கத்தில் அதை எடுத்து மேசையில் வைத்து "இது என்னத்துக்கு?" என்றார் அதிகாரி. கடலுக்கடியில் புல் எவ்வளவு இருக்கிறதென்று இதை வைத்துத்தான் பார்ப்போம் என்றேன். அவர் சட்டத்தை ஒருமுறை தூக்கிப் பார்த்தார். "சாதாளையோ? எங்கட அப்பா அள்ளிக்கொண்டு வந்து தோட்டத்துக்குப் பசளையாப் போடுறவர்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்கள் தாழை அங்கே சாதாளை. எங்கள் படிவத்தில் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டோம்.

மறுநாள் ஊர்காவற்றுறைப் பக்கம் கரையோரத்தில் இரண்டு குழுவுமாக எட்டுப் பேர் நின்றோம். ஒரே சட்டத்தை ஒரே இடத்தில் வைத்தோம். யாரும் பேசக் கூடாது; முகக்கண்ணாடி வழியே குனிந்து பார்த்து, தாழை எத்தனை சதவீதம் மூடியிருக்கிறதென்று அவரவர் பலகையில் எழுத வேண்டும். பலகைகளைக் கரையில் வரிசையாக வைத்தபோது 35 முதல் 70 வரை இருந்தது. ஒரே சதுரம், எட்டுப் பேர்! யாரும் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு ஒவ்வொருவரும் எதை எண்ணினோம் என்று சொல்லத் தொடங்கினோம். நான், அடியில் தண்டு நிற்கும் இடத்தை மட்டும் மனத்தில் கொண்டிருக்கிறேன். அவர்கள் மேலிருந்து இலை மறைக்கும் இடத்தை எடுத்திருக்கிறார்கள். நீரோட்டம் இருக்கும்போது நீண்ட இலைகள் ஒரே பக்கம் சாய்ந்து, பக்கத்துச் சதுரத்தின் தாழைகூட இந்தச் சதுரத்தை மூடிவிடுகிறது. செத்துப் பழுப்பேறிய இலையை ஒருவர் சேர்த்தார், ஒருவர் விட்டார்.

மூன்று நாள் இதே வேலை. நீரோட்டம் தணிந்த பொழுதில் மட்டும் பார்ப்பது, நேர் மேலிருந்து பார்ப்பது, பச்சை இலை மறைக்கும் பரப்பை மட்டும் எடுப்பது, பழுப்பை விடுவது என்று விதி வகுத்தோம். எடுத்த படங்களிலிருந்து 5, 25, 50, 75 என்று ஒட்டி, நீர்புகாத அட்டையாக்கி ஆளுக்கொன்று கழுத்தில் மாட்டிக்கொண்டோம். மூன்றாம் நாள் மாலை எட்டுப் பேரின் எண்களுக்கும் இடையிலான வித்தியாசம் பத்துக்குள் அடங்கியது. அன்றிரவு விடுதியில் என் பழைய படங்களைத் திறந்து அட்டையோடு வைத்துப் பார்த்தேன். 40 என்று எழுதியவை 55-க்குக் கிட்டே வந்தன. எங்கள் பக்கம் தாழை குறைவு என்பது உண்மை. ஆனால் முதல் நாள் பார்த்த வித்தியாசத்தில் பாதி, கண்ணின் வித்தியாசம்.

கேள்வித்தாளிலும் இதே கதைதான். கடற்பசு வலையில் சிக்கியதுண்டா என்று மீனவர்களிடம் கேட்பதற்குக் கடற்பசுப் புரிந்துணர்வின் பொதுக் கேள்வித்தாள் ஒன்று பல நாடுகளில் புழங்குகிறது. எங்கள் குழுவில் சிங்களம் பேசும் நண்பர் ஒருவர் அதன் சிங்கள வடிவத்தை முதலில் தயாரித்தார். அதிலிருந்து நாங்கள் தமிழாக்கினோம். சிங்களத்தில் கடற்பசு 'முகுது ஊரா'. சொல்லுக்குச் சொல் 'கடல்பன்றி' என்று போட்டுவிட்டோம். தமிழ் மீனவர் பலருக்குக் கடல்பன்றி என்றால் ஓங்கில் (டால்பின்) வகை. வாரத்துக்கு நாலு பார்க்கிறோம் என்று ஒரு பெரியவர் சொன்னபோதுதான் விழித்துக்கொண்டோம். அதுவரை எடுத்த பதில்களைத் தள்ளிவிட்டு, படத்தைக் காட்டிக் கேட்கும் முறைக்கு மாறினோம்.

அந்தக் கரையில் என்னைத் தூங்கவிடாத பேச்சு ஒன்றும் நடந்தது. நான் இந்தியாவிலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சி, ராவில உங்கட ஆக்களின்ர றோலர் வந்தா விடியச் சாமம் எங்கட வலை இருக்காது. சாதாளையும் வேரோட வருது. அதையும் அளந்து எழுதுங்கோ" என்றார். றோலர் என்றது இழுவைமடிப் படகை. கத்தவில்லை, அதனால்தான் வலித்தது. இலங்கை 2017-இல் இழுவைமடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. எங்கள் ஊரிலோ கடன் வாங்கி விசைப்படகு எடுத்தவனும் கூலிக்கு ஏறியவனும் பிடிபட்டுச் சிறையில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களோடு நான் பேசியிருக்கிறேன். வலை பொத்தியவருக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அளவெடுப்பில் 'தரையில் இழுபட்ட தடம்: உண்டு / இல்லை' என்று ஒரு பத்தி சேர்த்தோம், இரு கரைக்கும். அந்தப் பத்தி இன்றைக்கும் இருக்கிறது. யார் சொல்லியும் எடுக்க மாட்டேன்.

2025 பிப்ரவரியில் அவர்கள் எங்கள் பக்கம் வந்தார்கள். தொண்டிக் கரையில் அதே சட்டம், அதே அட்டை, மறுபடி எட்டுப் பேர். பிறகு வரைபடம். அளந்த இடங்களின் துல்லியமான ஆள்கூறுகள் (அட்ச, தீர்க்க ரேகை எண்கள்) அவரவர் நாட்டிலேயே இருக்கும், ஐந்து கிலோமீட்டர்ச் சதுரத்துக்கு ஒரு சராசரி எண் மட்டும் பகிரப்படும் என்று முன்பே ஒப்பந்தம். எல்லைக்கோடு வரைந்தால் எந்தக் கோடு, எந்தப் பெயர் என்று இரு நாட்டிலும் கேள்வி வரும். எனவே கரையை மட்டும் வரைந்து சதுரங்களுக்குப் பச்சை நிறம் இட்டோம். முடித்துவிட்டுப் பார்த்தால் கச்சத்தீவைச் சுற்றியும் அதற்கு வடக்கேயும் ஒரு வெள்ளைப் பட்டை. கோட்டுக்கு அருகில் இரு குழுவும் போக முடியாத இடம், ஓர் எண்கூட இல்லை. நாங்கள் வரையாத கோட்டை வெற்றுச் சதுரங்களே காட்டிக்கொடுத்தன. அந்தப் பட்டைக்குள் தாழை எப்படி இருக்கிறதென்று தெரியாமல் பாக் விரிகுடாவின் கணக்கு முடியாது. அடுத்த விண்ணப்பம் அதற்காகத்தான். இரு கடற்படைக்கும் ஒரே நாளில் தகவல் கொடுத்து, இரு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் இரண்டு வள்ளம் போவதென்று கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாடைக்காற்று பிடித்துவிட்டது. காலையில் யாழ்ப்பாணத்து நண்பரிடமிருந்து செய்தி: "அக்கா, இஞ்ச தண்ணி ஒரே கலங்கல். இண்டைக்கு இறங்கேலாது." மாடிக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் கடலும் பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் கிடந்தது. "இங்கேயும் அப்படித்தான்மா. தை கழியட்டும், இறங்குவோம்" என்று பதில் போட்டேன்.