உறைக்குள் இருக்கும் எண்

நவம்பர் 10, 2025, திங்கள்

எங்கள் இயற்பியல் துறையின் கருத்தரங்க வாரம் இன்று மியுவானோடு தொடங்கியது. வரவேற்புரை வழக்கம்போல் நீண்டது. பேச்சாளர் வழக்கத்துக்கு மாறாக நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

மியுவான் எலக்ட்ரானைப் போன்றதே. நிறை மட்டும் ஏறத்தாழ 207 மடங்கு. ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. காந்தப் புலத்தில் விட்டால் அதன் தற்சுழற்சி அச்சு பம்பரம்போல் தள்ளாடிச் சுற்றும். அந்தத் தள்ளாட்டத்தின் வேகத்தைத் துல்லியமாக அளந்தால், வெற்றிடத்தில் தோன்றி மறையும் துகள்கள் அதன்மேல் பதித்துச்சென்ற தடம் தெரியும். அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வுக்கூடத்தில் 14 மீட்டர் விட்டமுள்ள வளையத்தில் ஆண்டுக்கணக்காக இதைத்தான் செய்தார்கள். இந்த ஜூனில் வந்த இறுதி முடிவின் பிழை, நூறு கோடியில் 127 பங்குதான்.

ஆனால் பேச்சு முழுக்க என் மனம் அந்தக் கடிகாரத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. தள்ளாட்டத்தை அளக்கும் கருவிகளை ஓட்டிய கடிகாரத்தின் அதிர்வெண் ஏறத்தாழ 40 மெகாஹெர்ட்ஸ். சரியாக எவ்வளவு என்பது பகுப்பாய்வு செய்தவர்களில் ஒருவருக்கும் தெரியாது. குழுவுக்கு வெளியே இருந்த இருவர் அதைச் சற்றே மாற்றிவைத்து, உண்மையான எண்ணைத் தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டிவிட்டார்கள். பகுப்பாய்வை முடித்து, பிழைகளையெல்லாம் கணக்கிட்டு, இனி எதையும் மாற்றுவதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகே உறையைப் பிரித்தார்கள். முதல் முடிவுக்கான உறை 2021 பிப்ரவரியில் ஒரு காணொளிக் கூட்டத்தில் பிரிக்கப்பட்டது. அதுவரை, வந்த விடை கோட்பாட்டுக்கு அருகில் இருக்கிறதா, தொலைவில் இருக்கிறதா என்பதை அவர்களாலேயே சொல்ல முடியாது.

2021இல் அந்த விடை கோட்பாட்டிலிருந்து 4.2 சிக்மா, அதாவது இரு தரப்புப் பிழையும் சேர்ந்த அளவைப்போல் 4.2 மடங்கு, விலகி நின்று பெரிய செய்தியானது. இந்த ஆண்டு கோட்பாட்டுக்காரர்கள் தங்கள் கணிப்பைத் திருத்தி வெளியிட்டதும் விலகல் கரைந்துவிட்டது. சோதனையின் எண் நின்ற இடத்திலேயே நிற்க, கோட்பாடுதான் நகர்ந்து வந்தது. இதைச் சொன்னபோது பேச்சாளர் முகத்தில் மறைக்க முடியாத ஒரு திருப்தி.

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் கரும்பலகையில் கோட்பாட்டுக் கருத்தரங்கு. முதல் பலகை நிறையும்வரை கூடவே நடந்தேன். இரண்டாம் பலகையில் பேச்சாளர் ஏழாவது பரிமாணத்துக்குப் போய்விட்டார். அங்கே அவருக்குத் துணையாக இருவர் இருந்தார்கள்.

மாலைப் பேச்சில் ஸ்லைடுகள் ஓடிய வேகத்தில் அச்சுகளின் பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை. பிழைக் கோடு இல்லாத வரைபடத்தைக் காட்டுவோருக்குக் கேள்வி நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது என் கட்சி.

நவம்பர் 12, புதன்

அரங்கில் உட்கார இடமில்லை. ஈர்ப்பலை (பெரும் நிறைகள் சுற்றி மோதும்போது வெளியில் பரவும் அதிர்வு) என்றால் முதலாம் ஆண்டு மாணவர்கள்வரை வந்துவிடுகிறார்கள்.

2015 செப்டம்பர் 14இல் பதிவான முதல் ஈர்ப்பலையைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தோம்: சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறைகொண்ட இரு கருந்துளைகள் இணைந்த நிகழ்வு. பேச்சாளரோ 2010 செப்டம்பர் 16இலிருந்து தொடங்கினார். அன்று ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ, விர்கோ கருவிகளில் அழகான ஒரு சமிக்ஞை வந்தது. இரு நட்சத்திரப் பிணங்கள் சுற்றிச் சுற்றி நெருங்கி இணைந்தால் எப்படி இருக்குமோ அப்படியே. வந்த திசை பெருநாய் விண்மீன் குழாம். அதனால் அந்த நிகழ்வுக்குப் பெரிய நாய் என்றே பெயர் விழுந்துவிட்டது. மாதக்கணக்கில் பகுப்பாய்வு நடந்தது. ஆய்வுக் கட்டுரையை வரிக்கு வரி விவாதித்து எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில் எல்லோரும் கூடியிருந்த கூட்டத்தில் உறையைப் பிரித்தார்கள். சமிக்ஞை போலி! மிகச் சிறிய குழு ஒன்று, மற்றவர்களுக்குத் தெரியாமல், கண்ணாடிகளை வேண்டுமென்றே அசைத்து உருவாக்கியது.

இப்படி ஒரு சோதனை நடக்கலாம் என்பது முன்பே எல்லோருக்கும் தெரியும். ஆகவே யாரும் ஏமாற்றப்படவில்லை. ஆனாலும் அத்தனை மாத உழைப்புக்குப் பிறகு அந்த அரங்கில் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு மாணவர் கேட்டார். ‘வருத்தம்தான், ஆனால் உண்மையானது வந்தால் எங்கள் கண்ணுக்குத் தப்பாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம்’ என்றார் பேச்சாளர். 2015இல் உண்மையானது வந்தபோது பலருக்கும் முதலில் எழுந்த கேள்வி, இதையும் யாராவது செலுத்தினார்களா என்பதே. இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் மற்ற வேலை.

இன்னொன்றையும் எழுதிவைக்க வேண்டும். லைகோவின் இரண்டு கருவிகளுக்கும் இடையே 3,000 கிலோமீட்டர். ஒளிவேகத்தில் வரும் அலை இதைக் கடக்க அதிகபட்சம் 10 மில்லி விநாடி ஆகும். ஆகவே ஒரு கருவியின் தரவை மற்றதற்கு எதிராக அதைவிட அதிக நேரம் தள்ளிவைத்து ஒப்பிட்டால், கிடைக்கும் ஒத்துப்போதல்கள் எல்லாம் வெறும் தற்செயல். இப்படி வெவ்வேறு அளவில் தள்ளித் தள்ளி, இரண்டு வாரத்துக்குச் சற்று மேற்பட்ட தரவிலிருந்தே லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு நிகரான இரைச்சலை உருவாக்கிவிடலாம். 2015 சமிக்ஞை அளவுக்கு வலுவான ஒன்று தற்செயலாக வர 2,03,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்ற எண் அப்படி வந்ததுதான். நாளிதழ்களில் பலமுறை படித்த எண். எப்படி வந்தது என்று இன்றுதான் விளங்கியது. கருவியின் ஒவ்வொரு கையும் 4 கிலோமீட்டர் நீளம். அதில் அளக்க வேண்டிய மாற்றம் புரோட்டானின் விட்டத்தில் ஏறத்தாழ நானூறில் ஒரு பங்கு. இவ்வளவு சந்தேகம் இல்லாமல் அதை நம்ப முடியாது.

நவம்பர் 13, வியாழன்

மீக்கடத்திகள்: போதிய அளவு குளிர்வித்தால் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்கள். டச்சு இயற்பியலாளர் ஓன்ஸ் 1911இல் பாதரசத்தை 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்துத் தொடங்கிவைத்த கதை. 1987இல் 93 கெல்வினில் இயங்கிய பீங்கான் வகை. 2015இல் பெரும் அழுத்தத்தில் 203 கெல்வினைத் தொட்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு. நன்றாகப் பேசினார், ஆனால் பாதிக் கூட்டம் காத்திருந்தது எல்கே-99க்காக.

2023 ஜூலையில் அறை வெப்பநிலை மீக்கடத்தி என்று கிளம்பிய அந்தப் பொருளின் மின்தடை ஏறத்தாழ 104 டிகிரி செல்சியஸில் சட்டென்று விழுந்தது உண்மை. ஆனால் மாதிரியில் காப்பர் சல்ஃபைடு கலந்திருந்தது. அந்த வெப்பநிலையை ஒட்டித்தான் அதன் படிக அமைப்பு மாறும். மாறும்போது தடையும் சரியும். தூய காப்பர் சல்ஃபைடை மட்டும் எடுத்து அளந்து காட்டிய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்தார். ஒரே சாயல். காந்தத்தின்மேல் பாதி தூக்கி நின்ற துண்டுக்குச் சாதாரண காந்தத்தன்மையே போதுமான காரணம். அத்தனை காணொளிகளும் அந்த ஒரு வரைபடத்தின் முன் நிற்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ஹபிள் மாறிலி: பேரண்டம் விரியும் வேகத்தைச் சொல்லும் எண். பேரண்டத்தின் தொடக்க கால ஒளியிலிருந்து கணக்கிட்டால் 67.4; ஒளி கூடிக்குறையும் செஃபீட் விண்மீன்களையும் வெடிக்கும் விண்மீன்களான சூப்பர்நோவாக்களையும் தூரம் அளக்கும் ஏணியாக வைத்து அளந்தால் 73க்குப் பக்கத்தில். அலகு, மெகாபார்செக் என்ற விண்வெளித் தூரத்துக்கு விநாடிக்கு இத்தனை கிலோமீட்டர். முதலாவதன் பிழை 0.5, இரண்டாவதன் பிழை ஏறத்தாழ 1. இரண்டும் சேர இடமே இல்லை.

பிறகு நடந்த கலந்துரையாடல்தான் வாரத்தின் உச்சம். எல்லாத் தூர அளவீடுகளிலும் விடையை மறைத்துவைத்துப் பகுப்பாய்வு செய்தால் பாதிச் சண்டை தீரும் என்று ஓர் இளம் ஆய்வாளர் சொன்னார். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் எழுந்தார். பேச்சின்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தவர். தூங்குகிறார் என்றே நினைத்தோம். ‘ஓபெராவும் மறைத்துத்தானே செய்தது?’ என்றார்.

அரங்கு அமைதியானது. 2011 செப்டம்பரில் ஓபெரா என்ற நியூட்ரினோச் சோதனைக் குழு வெளியிட்ட அறிவிப்பு எல்லோருக்கும் நினைவிருக்கிறது: ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து 730 கிலோமீட்டர் தொலைவில், இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியிலுள்ள ஆய்வகத்துக்கு நியூட்ரினோத் துகள்கள் ஒளியைவிட 60 நானோ விநாடி முன்னதாக வந்துவிட்டன. அவர்கள் இறுதிவரை 2006ஆம் ஆண்டின் பழைய நேரத் திருத்தங்களை வைத்தே கணக்கிட்டார்கள். உண்மையான விடை யாருக்கும் தெரியாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. எல்லாம் நேர்மையாக நடந்தது. கோளாறு, சரியாகப் பொருந்தாத ஓர் ஒளியிழை இணைப்பில் இருந்தது. மனச்சாய்வைத் தடுக்கும் ஏற்பாடு இணைப்பைத் திருகிப் பார்க்காது என்பது பெரியவரின் வாதம்.

இளம் ஆய்வாளரும் விடவில்லை. அதே மலைக்கு அடியில், அதே நியூட்ரினோக் கற்றையை இக்காரஸ் என்ற வேறொரு குழுவும் அளந்து, ஒளியின் வேகம்தான் என்று 2012இல் சொன்னது. ஹபிள் விஷயத்திலும் அப்படித் தொடர்பில்லாத வழிகள் வேண்டும், மறைப்பும் வேண்டும் என்றார். நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் மணியைப் பார்த்துச் சொல்லியும் வராந்தாவில் சண்டை தொடர்ந்தது. எனக்கு இருவர் பக்கமும் நிற்கத் தோன்றியது.

நவம்பர் 15, சனி

பேச்சுகள் முடிந்தன. காலையிலேயே ஆய்வகம்.

என் வேலை துத்தநாக ஆக்சைடு மெல்லிய படலங்களின் ஆற்றல் இடைவெளியை, அதாவது கட்டுண்ட எலக்ட்ரான் விடுபடத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலை, கண்டுபிடிப்பது. ஒளி உறிஞ்சலை வரைபடமாக்கி, வளைவின் நேரான பகுதியில் ஒரு கோடு பொருத்தி, அது கீழ் அச்சைத் தொடும் இடத்தைப் படிக்க வேண்டும். நேரான பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தீர்மானிப்பது கண். 3.3 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் வர வேண்டும் என்று தெரிந்த கண்!

ஆகவே ஆய்வகத்தில் எனக்கு இளைய மாணவியிடம் பேசினேன். உறிஞ்சல் கணக்கை எல்லாம் முடித்த பிறகு, கிடை அச்சை மட்டும் தனக்குப் பிடித்த ஓர் எண்ணால் நகர்த்தி எனக்குக் கோப்பைத் தர வேண்டும். 0.2 எலக்ட்ரான் வோல்டுக்குள், கூட்டலோ கழித்தலோ அவள் விருப்பம். ‘எழுதி உறையில் போட்டுவிட்டேன் அக்கா, கெஞ்சினாலும் தர மாட்டேன்’ என்றாள். வழிகாட்டிக்கு இது தாமதமாகத் தெரிகிறது. கட்டுரையை எப்போது அனுப்புவதாக உத்தேசம் என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

பெரியவர் சொன்னதையும் விட்டுவிட முடியாது. அலைநீளத்தில் 1 நானோமீட்டர் பிசகினால் இந்தப் பகுதியில் ஆற்றல் 0.009 எலக்ட்ரான் வோல்ட் தவறும். உறை அதைச் சொல்லாது. உறையைப் பிரிப்பதற்கு முன் உறிஞ்சலை அளக்கும் நிறமாலைமானியை, அலைநீளம் சரிபார்க்க உதவும் ஹோல்மியம் கண்ணாடியின் 361 நானோமீட்டர் உச்சத்தோடு ஒப்பிட்டாக வேண்டும். கண்ணாடி பக்கத்து ஆய்வகத்து அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. சாவி வைத்திருப்பவர் திங்கட்கிழமைதான் வருவார்.