முதலில் சொன்ன வாக்கியம்

அந்தப் பெண் என்னை அழைத்தது ஒரு ஸ்விட்ச் மாற்றுவதற்கு. குளியலறையில் கீசரின் ஸ்விட்ச் உருகி, ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது என்றார். பெங்களூரு ஈஜிபுராவில் முதல் மாடி வீடு. அவரும் அவருடைய அம்மாவும் மட்டும். கால் மணி நேர வேலை. அது அப்படியே முடிந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஸ்விட்ச் மாற்ற யாருடைய அனுமதியும் தேவையில்லை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி இதைத்தான் சொன்னது. வயரிங் வேலை, பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வழியாகவே செய்ய வேண்டும்; ஆனால் அமைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் மாற்றிப்போடுவதற்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 2010இல் மத்திய மின்சார ஆணையம் புதிய ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தபோதும் இந்த விலக்கு தொடர்ந்தது. வயர்மேன் பர்மிட் வாங்கிய நாளிலிருந்து இந்த ஒரு வரிதான் எனக்குக் கோடு. இந்தப் பக்கம் என்றால் உடனே செய்வேன். அந்தப் பக்கம் என்றால் வீட்டுக்காரரைக் கேட்காமல் கை வைக்க மாட்டேன். குழாய்க்கு வாஷர் போடுவதையும் சுவருக்குள் போகும் பைப்பை மாற்றுவதையும் பிளம்பர்கள் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறார்கள்.

மெயினை அணைக்கும் முன் வழக்கம்போல டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தேன். மின்சாரம் வரும் ஃபேஸுக்கும், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தின் துளைக்கும் நடுவே விளக்கு பளிச்சென்று எரிந்தது. எர்த் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். மெயினை அணைத்துப் பலகையைக் கழற்றினால், உள்ளே எர்த் வயரே இல்லை. சாக்கெட்டின் எர்த் முனையிலிருந்து, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரின் திருகுக்கு இரண்டு அங்குலத்தில் ஒரு பச்சை வயர்த் துண்டைப் போட்டு முறுக்கியிருந்தார்கள். விளக்கு எரிந்தது அதனால்தான். நியூட்ரல் எங்காவது ஒரு திருகில் விட்டுப்போனால் போதும். கீசரின் சூடாக்கும் கம்பிச்சுருள் வழியாக வரும் மின்சாரம் அந்தத் துண்டில் ஏறி, கீசரின் உடம்புக்கும் தண்ணீருக்கும் வந்துவிடும். அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் மட்டும் விழும் எம்.சி.பி. அதைத் தடுக்காது. மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அந்த வீட்டில் இல்லை. 2000 வாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். போட்டிருந்ததோ 6 ஆம்பியர் ஸ்விட்ச். அது உருகியதில் வியப்பில்லை. உருகியதால்தான் நான் அங்கே போனேன்.

சரிசெய்ய வேண்டுமென்றால் மெயின் பலகையிலிருந்து எர்த்தோடு தனி லைன் இழுக்க வேண்டும். அது கோட்டுக்கு அந்தப் பக்கம்.

"அண்ணா, ஸ்விட்சை மட்டும் மாற்றி மூடிவிடுங்கள். வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம். நாங்கள் கீசர் போட்டதே அவருக்குத் தெரியாது" என்றார் அந்தப் பெண்.

"இதை இப்படியே மூட முடியாது, அம்மா."

"அக்ரிமென்ட் முடிய இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது, அண்ணா."

நான் மூடவில்லை. கீசர் லைனைத் துண்டித்து, சாக்கெட்டின் துளைகள் மறையும்படி கருப்பு டேப் ஒட்டினேன். இதைத் தொடவே கூடாது, சரிசெய்யும்வரை அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மாவிடமும் சொன்னேன். அவர் மூட்டுவலிக்காரர். தலையை மட்டும் ஆட்டினார். கீழே வந்து, பைக்குப் பக்கத்தில் நின்று வீட்டுக்காரரை அழைத்தேன். அவருடைய எண் வாசல் கேட்டில் எழுதியிருந்தது.

நான் கன்னடத்தில் சொன்ன முதல் வாக்கியம்: "மாடியில் குடியிருப்பவர்கள் கீசர் போட்டிருக்கிறார்கள், ஸ்விட்ச் எரிந்துபோய்விட்டது." இரண்டாவது வாக்கியம்: "வீட்டில் எர்த் இல்லை, புது லைன் இழுக்க வேண்டும்."

இரண்டுமே உண்மை. ஆனால் முதல் வாக்கியத்துக்குப் பிறகு அவர் காதில் எதுவும் ஏறவில்லை. "யாரைக் கேட்டுப் போட்டார்கள்?" என்றார். எர்த் பற்றி மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அதையே கேட்டார்.

ஏன் அதை முதலில் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். கண்ணில் பட்ட வரிசையில் சொன்னேன் என்று ஒரு நாள் தோன்றும். ஸ்விட்ச் முதலில், எர்த் பிறகு. கீசரைச் சொல்லாமல் எந்த அளவு வயர் என்று பேசவே முடியாது என்று இன்னொரு நாள் தோன்றும். அதுவும் சரிதான். ஆனால் இரவில் படுத்தால் வேறொன்று தோன்றுகிறது. நாளைக்கு ஏதாவது நேர்ந்தால் "யார் கை வைத்தது" என்ற கேள்வி என் பர்மிட்டைத் தொடக்கூடாது என்றுதான், தவறு யாருடையது என்பதை முதலில் சொல்லிவைத்தேன். "உங்கள் வீட்டில் எர்த் இல்லை" என்று தொடங்கியிருந்தால், அது அவருடைய தவறாக இருந்திருக்கும்.

சட்டம் அந்தப் பெண்ணின் பக்கமும் கொஞ்சம் இருந்தது. 2021ஆம் ஆண்டின் மாதிரி வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் ஸ்விட்ச், சாக்கெட் பழுது குடியிருப்பவர் பொறுப்பு; வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. மாநிலம் ஏற்றால்தான் அது செல்லும் என்பது வேறு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமோ, வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை அவர் தட்டிக்கழித்தால், அறிவித்துவிட்டுக் குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. இவை எனக்குத் தெரியும். அன்று ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. பதினொரு மாத அக்ரிமென்டில், அட்வான்ஸ் முழுவதும் வீட்டுக்காரர் கையில் இருக்கும்போது யார் வாடகையில் கழிப்பார்கள் என்று நானே முடிவுசெய்துவிட்டேன். அதை முடிவுசெய்ய வேண்டியது அவர்கள் அல்லவா.

மறுநாள் மாலை அந்தப் பெண் அழைத்தார். "அவரிடம் எப்படிச் சொன்னீர்கள், அண்ணா?"

"உள்ளதைச் சொன்னேன், அம்மா."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு வைத்துவிட்டார்.

அக்ரிமென்டை வீட்டுக்காரர் புதுப்பிக்கவில்லை. நான்கு மாதம் கழித்து, காலி வீட்டுக்கு வயரிங் செய்ய என்னைத்தான் கூப்பிட்டார். உரிமம் உள்ள என் ஒப்பந்ததாரர் பெயரில் வேலையை எடுத்தோம். தனி எர்த், 16 ஆம்பியர் சாக்கெட், 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இனி அங்கே யார் குளித்தாலும் பயமில்லை. என் அழைப்பு இல்லாவிட்டால் அந்தப் பச்சைத் துண்டு இன்றும் சுவருக்குள் இருந்திருக்கும். இதைச் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன். பாதி நாள் அது போதுமானதாக இருக்கிறது.

பழைய பலகையைக் கழற்ற முதலில் குளியலறைக்குத்தான் போனேன். சாக்கெட்டின் மேல் நான் ஒட்டிய கருப்பு டேப் அப்படியே இருந்தது. ஓரம்கூடப் பிரியவில்லை. நான்கு மாதமும் அவர்கள் அதைத் தொடவே இல்லை.