நேற்றும் இருந்த பணம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் பணியாளர் பொறுப்பை ஏற்றபோது, தகுதியான ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம் என்றும், பிடித்தவரைத் தக்கவைப்பது வெறும் சம்பளக் கணக்கு என்றும் நம்பியிருந்தேன்.

கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. மெஷினுக்கு ஆள் எடுக்கும்போது, டிராயிங்கில் உள்ளதைவிட 0.02 மி.மீ. கூடுதலாக இருக்கும் ஒரு துண்டையும் மைக்ரோமீட்டரையும் கையில் கொடுத்து அளக்கச் சொல்வோம். பலரும் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே "சரியாக இருக்கிறது சார்" என்பார்கள். ஐ.டி.ஐ. முடித்து வந்த ஓர் இளைஞர் மட்டும் துண்டைத் துடைத்து மறுபடி அளந்து, "கூடுதலாகக் காட்டுகிறது; கருவியின் பூஜ்யத்தைச் சரிபார்த்துவிட்டுச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். அவரையே எடுத்தோம். பின்னாளில் இரவு ஷிஃப்ட் முழுவதையும் அவரை நம்பித்தான் விட்டிருந்தோம்.

ஒரு நாள், பெரிய கார் ஆலைகள் உள்ள ஒரகடத்தில் வேலை கிடைத்திருப்பதாக ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். அன்று மாலையே முதலாளி 4,000 ரூபாய் கூட்டித் தருவதாகச் சொன்னார். "இந்தப் பணம் நேற்றும் இங்கேதானே இருந்தது சார்" என்றார் அவர், கோபமே இல்லாமல். எனக்குப் பதில் வரவில்லை. நல்ல வேலைக்காரர் வாய் திறந்து கேட்கமாட்டார் என்பது தெரிந்தும், அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தது என் தவறு.

ஐந்தாண்டு நிறைய அவருக்கு இரண்டு மாதங்கள் இருந்தன. ஆகவே பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடையாது என்றார் கணக்காளர். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதையும் முழு ஆண்டாகக் கொள்ளலாம் என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக்காட்டி, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் அதைப் பெற்றுக் கொடுத்தேன். போகிறவருக்கு எதற்கு இவ்வளவு என்று முதலாளி கேட்டார். ஆனால் அவரை எப்படி அனுப்புகிறோம் என்பதை தொழிற்கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின், யாரும் கடிதம் கொடுக்கும்வரை காத்திராமல், ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரையும் தனித்தனியே உட்காரவைத்துப் பேசத் தொடங்கினேன். எல்லோரும் தங்கிவிடவில்லை, பெரிய ஆலைகளின் சம்பளத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியாது. ஆனால் திருவள்ளூரிலிருந்து வரும் ஒருவர் சம்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டாம் ஷிஃப்ட் 20 நிமிடம் முன்னதாக முடிந்தால் ரயிலைப் பிடித்துவிடலாம், இல்லாவிட்டால் அடுத்த ரயிலுக்காகப் பிளாட்பாரத்தில் காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது என்றார். மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாராம். அடுத்த வாரமே ஷிஃப்ட் நேரத்தை மாற்றினோம்.