24 அடி சண்டையை வீட்டுக்குள்ள விரிச்சோம்

காமிக்ஸ் வரையற பத்திரிகையாளர் ஜோ சாக்கோவோட 'தி கிரேட் வார்'ங்கற முதல் உலகப் போர் படப் புக்கை நான் முதல் தடவை பெட்ல படுத்துக்கிட்டு பாத்தேன், அதுதான் நான் பண்ண தப்பு. ரெண்டு ரெண்டு பக்கமா புரட்டினா கூட்டம், குதிரை, பீரங்கி, திரும்ப கூட்டம். டயலாக் கிடையாது, படத்துக்குக் கீழ ஒரு வரி கிடையாது, ஹீரோன்னு ஒருத்தன் கிடையாது. அரை மணி நேரத்துல முடிச்சு பெட்டிக்குள்ள சொருகினவன் ஒரு வருஷத்துக்கு அதைத் தொடவே இல்ல.

நடுவுல ரெண்டு பேரு இரவல் வாங்கிட்டுப் போனாங்க. ஒருத்தர் "படமெல்லாம் சூப்பர், கதை எங்கப்பா?"ன்னு திருப்பிக் கொடுத்தாரு. இன்னொருத்தர் இது பசங்க கலர் அடிக்கிற புக்கான்னு கேட்டாரு, கிண்டலா இல்ல, சீரியஸாவே கேட்டாரு. அவரைச் சொல்லியும் குத்தமில்ல, முழுக்க கறுப்புக் கோடுதான்.

விஷயம் என்னன்னா, 1916 ஜூலை 1-ஆம் தேதி, ஃபிரான்ஸ்ல சோம் நதிக்கிட்ட பிரிட்டிஷ் ஆர்மி ஜெர்மன் லைன் மேல பாய்ஞ்ச அந்த முதல் நாள்தான் மொத்த புக்கும். 2013-ல வந்துச்சு. 24 பிளேட்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி விசிறி மாதிரி மடிச்சிருக்கும், இழுத்து விரிச்சா 24 அடி. 11-ஆம் நூற்றாண்டுல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்ச கதையை கிட்டத்தட்ட 70 மீட்டர் துணியில நூலாலயே எம்ப்ராய்டரி போட்டு வெச்சாங்களே, பாயூ திரைச்சீலை, அதுதான் சாக்கோவுக்கு முன்மாதிரி. அதனால பக்கத்துல இருக்கறவன் பெருசு தூரத்துல இருக்கறவன் சிறுசுன்னு ஒழுங்கெல்லாம் பாக்கல, நேரமும் இடமும் இடமிருந்து வலமா ஓடிக்கிட்டே இருக்கும். கூடவே ஒரு சின்ன கையேடு வருது, அதுல வரலாற்று எழுத்தாளர் ஆடம் ஹோக்ஸ்சைல்ட் எழுதின கட்டுரையும் எந்த பிளேட்ல என்ன நடக்குதுன்னு சாக்கோ எழுதின குறிப்பும் இருக்கு.

போன மே மாசம் ஊர்ல அம்மா வீட்டுக்குப் போனப்போ இதையும் பையில போட்டுக்கிட்டேன். வாசல்ல நின்னா கொல்லைக்கதவு தெரியுற பழைய வீடு அது. ரெண்டடி டைல்ஸ், எண்ணிப் பாத்தா ஹாலுக்கு ஏழு, நடைக்கு அஞ்சு, மொத்தம் பன்னெண்டு, கச்சிதமா 24 அடி! சரின்னு வாசப்படியில ஆரம்பிச்சு சமையக்கட்டு நிலை வரைக்கும் விரிச்சாச்சு. ஃபேன் காத்துக்கு மடிப்பு மடிப்பா எழும்புது, அதனால அந்த வெயில்ல ஃபேனை ஆஃப் பண்ணி ஓரத்துல டம்ளரும் சொம்பும் வெச்சு நிறுத்தினோம். அம்மா ஒரு மணி நேரமா சுவத்தை ஒட்டி ஒட்டியே நடந்தாங்க, வாயில வந்ததெல்லாம் இங்க எழுத முடியாது.

இப்படி விரிச்சதும் அது வேற புக்கு. வாசப்படியில பிரிட்டிஷ் ஆர்மியோட தளபதி ஜெனரல் ஹெய்க், முன்வரிசையில இருந்து ரொம்ப தூரத்துல, மாளிகைத் தோட்டத்துல வாக்கிங் போறாரு, குதிரை ஏறுறாரு. டிவி ஸ்டாண்டு பக்கம் வர்றதுக்குள்ள சிப்பாய்ங்க சாரை சாரையா போறாங்க, வண்டி, ஷெல் குவியல், பெரிய பீரங்கி. ஹால் முடியுற இடத்துல ட்ரெஞ்சுக்குள்ள பயனெட்டோட நெருக்கியடிச்சு நிக்கிறாங்க. நடையில மேல ஏறி வெளிய வர்றாங்க, விழறாங்க. அப்புறம் காயம்பட்டவங்க திரும்பி வர்ற கூட்டம், ஸ்ட்ரெச்சர், டாக்டருங்க. சமையக்கட்டு வாசல்ல குழி தோண்டிக்கிட்டிருக்காங்க. முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்துதான் பாக்கணும், எட்டாவது படிக்கிற அக்கா பொண்ணு தரையோட தரையா படுத்து எறும்பு மாதிரி போனா. "மாமா, இதுல யாரைப் பாக்கணும்?"னு கேட்டா. இரவல் வாங்கினவர் கேட்டதும் இதே கேள்விதான், ஆனா அவ கேட்டுட்டு நிறுத்தல, ஒரு ஆளைப் பிடிச்சுக்கிட்டு அவன் அடுத்த மடிப்புல வர்றானான்னு தேடினா. வரல. சிப்பாய்ங்கள்ல யாருமே ரெண்டாந்தடவை வர்ற மாதிரி எனக்கும் தெரியல.

சாயங்காலம் என் ஃப்ரெண்டு ஒருத்தன் வந்தான். ராணுவ வரலாறுன்னா உசிரு அவனுக்கு, எந்த டிவிஷன் எந்த மேட்டுல இருந்துச்சுன்னு தூக்கத்துலயும் சொல்லுவான். அவனுக்கு புக்கு பிடிக்கல. மேப் எங்க, எந்த பட்டாலியன்னு எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னு ஆரம்பிச்சான். இவ்வளவு பெரிய படத்துல ஜெர்மன்காரன் பக்கம் என்ன நடந்துச்சுன்னே இல்லியேடா, ஏழு நாளா 15 லட்சம் ஷெல் அடிச்சும் அவன் எப்படி உயிரோட இருந்தான், அதைக் காட்டாம சோம் எப்படிப் புரியும்னான். நியாயம்தான். அடிச்ச குண்டுல நிறைய வெடிக்கவே இல்ல, வெடிச்சதுலயும் ஏகப்பட்டது குட்டிக் குட்டி குண்டைச் சிதறடிக்கிற ஷ்ராப்னல், அது முள்கம்பியை ஒழுங்கா அறுக்காது, ஜெர்மன்காரங்க முப்பதடி ஆழத்துல பதுங்கியிருந்து 7:30-க்கு ஷெல்லடி நகர்ந்த உடனே மெஷின்கன்னோட மேல வந்துட்டாங்க. இந்தப் பாதி விஷயத்துக்கு நீங்க கையேட்டையோ வேற புக்கையோதான் தேடிப் போகணும்.

அதோட விடல அவன். எல்லாருமே வரிசையா நடந்து போய் செத்தாங்கங்கறது பாதிக் கதைதான்னான். அயர்லாந்துக்காரங்களோட 36-ஆவது அல்ஸ்டர் டிவிஷன் முன்கூட்டியே ரெண்டு லைனுக்கும் நடுவெளியில ஊர்ந்து போய் படுத்திருந்து ஜெர்மன்காரங்களோட ஷ்வாபன் ரெடவுட் கோட்டைக்குள்ளயே புகுந்துட்டாங்க, தெற்குப் பக்கம் மோன்டோபான், மாமெட்ஸ் ரெண்டு ஊரையும் அன்னைக்கே பிடிச்சாங்க, பக்கத்துல ஃபிரெஞ்சுக்காரங்களுக்கு அன்னைக்கு நல்ல நாள். சரிடா, ஆனா மறுபக்கம் செர்ங்கற கிராமத்துக்கிட்ட இங்கிலாந்தோட அக்ரிங்டன் ஊர்ப் பசங்க பட்டாலியன்ல போனது சுமார் 700 பேரு, அதுல 584 பேரு செத்தோ காயம்பட்டோ காணாமப் போயோ போனாங்க, ஒரே தெருக்காரன், ஒரே மில்லுல வேலை பாத்தவன், அதுக்கு எந்த மேப்புல அம்புக்குறி போடுவேன்னு நான் கேட்டேன். கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன் போல, அம்மா எட்டிப் பாத்தாங்க.

அன்னைக்கு ஒரு நாள் பிரிட்டிஷ் பக்கம் செத்தவங்க, காயம்பட்டவங்க, காணாமப் போனவங்க எல்லாம் சேர்த்து 57,470, அதுல செத்தவங்க 19,240. இந்த நம்பரை இதுக்கு முன்னாடி எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், கண்ணு அப்படியே தாண்டிப் போயிடும். நடையில உக்காந்து ஒரே ஒரு மடிப்புல இருக்கற ஆளுங்களை எண்ண ஆரம்பிச்சு இருநூறு தாண்டினதும் விட்டுட்டேன், முட்டி வலி.

பெரியப்பாதான் எல்லாரையும் விட அதிக நேரம் பாத்தாரு. ஆர்மியில சப்ளை கோர்ல இருந்து ரிட்டயர் ஆனவர். அவரு நடை பக்கமே போகல, டிவி ஸ்டாண்டுகிட்டயே சேரைப் போட்டு உக்காந்துட்டாரு. "எல்லாப் பயலும் சண்டையை வரைவான், இவன் சரக்கு வண்டியை வரைஞ்சிருக்கான் பாரு"ன்னாரு. ஷெல்லை எப்படி அடுக்கியிருக்கான், குதிரையை எப்படிப் பூட்டியிருக்கான்னு விரலை வெச்சு வெச்சு பாத்தாரு. ஒவ்வொருத்தன் மேலயும் சுமார் 27 கிலோ இருந்துச்சுன்னு ஃப்ரெண்டு சொன்னப்போ, "அதைத் தூக்கிட்டு எவனும் ஓட முடியாதுடா, ஆர்டர் போடறவன் முதல்ல அதைத் தூக்கிப் பாக்கணும்"னாரு. வாசப்படியில இருந்த ஹெய்க்கை ஒரு பார்வை பாத்தாரு, அவ்வளவுதான்.

சாக்கோ தன் குறிப்புல, வார்த்தையே இல்லாம வரைஞ்சதால தளபதிங்களைக் குத்தம் சொல்லவும் முடியல, சிப்பாய்ங்க தியாகத்தைப் புகழவும் முடியலங்கற மாதிரி எழுதியிருக்காரு. எனக்கு அதை அப்படியே ஒத்துக்க முடியல. வாக்கிங் போற ஆளை முதல்லயும் குழி தோண்டறவனைக் கடைசியிலயும் வெச்ச பிறகு இன்னும் என்ன சொல்லணும்? ஃப்ரெண்டு இதைத்தான் குறையா சொல்றான், ஒரே ஜெனரல் தலையில எல்லாத்தையும் கட்டுற மாதிரி இருக்குன்னு. எனக்கென்னவோ சாக்கோ கட்டல, பாக்கறவங்க நாமதான் கட்டறோம்.

2014-ல இதையே 130 மீட்டருக்குப் பெருசாக்கி பாரிஸ் மெட்ரோல, மோன்பர்னாஸ் ஸ்டேஷன்ல நகரும் நடைபாதை ஓரமா ஒட்டியிருந்தாங்க. ஆபீஸ் போறவன் நின்ன இடத்துல நிக்க, படம் பக்கத்துல நகர்ந்துட்டே போகும். முட்டி தேயாம பாக்கலாம்னு ஒரு சௌகரியம்.

மடிச்சு வைக்கப் போறப்போ பெரியப்பா கையைப் பிடிச்சு நிறுத்தினாரு. "இத்தனை குதிரை, இத்தனை லட்சம் ஆளு. தண்ணி எங்கேருந்துடா வந்துச்சு?" எனக்குத் தெரியல, மேப் பைத்தியத்தைப் பாத்தேன், அவனும் முழிச்சான். இத்தனை வருஷத்துல அவன் முழிச்சு இப்பதான் பாக்கறேன்.

ராத்திரி பதினொன்றரைக்கு போன் வந்துச்சு. கண்டுபிடிச்சுட்டேன்டா, 1916 டிசம்பர்ல ஹெய்க் அனுப்பின ரிப்போர்ட்லயே இருக்கு, நூறுக்கு மேல பம்ப் செட்டு, 120 மைலுக்கு மேல தண்ணி பைப்பு, அதாவது 190 கிலோமீட்டருக்கு மேல, எல்லாம் சண்டைக்குத் தயாராகறப்போ போட்டதுன்னான். காலையில காபி குடிக்கிறப்போ பெரியப்பாகிட்ட சொன்னேன். டம்ளரைக் கீழ வெச்சுட்டு, "பைப்பு போட்டவனுங்க எந்தப் பக்கத்துல இருக்கானுங்க? திரும்ப விரி"ன்னாரு.