சாங்கியில் எழும்பாமல் போன பந்தயத்தடம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை என் மகனைச் சிங்கப்பூரின் பழைய அப்பர் தாம்சன் ரோட்டுக்கு அழைத்துச் சென்றேன். அவனுக்குப் பதினெட்டு வயது நிரம்பிவிட்டது. மோட்டார்சைக்கிள் உரிமத்துக்காகப் பயிற்சி நிலையத்துக்குப் போய்வருகிறான். இன்று ஒருவழிப் பாதையாக இருக்கும் அந்தச் சாலையில் மரங்கள் இருபுறமும் கவிந்திருக்கின்றன. இலைக்குரங்குகள் சாலையைக் கடப்பதற்கென்று கட்டிய கயிற்றுப் பாலங்கள் தலைக்கு மேலே தொங்குகின்றன. ஒரு வளைவில் சாலையின் விளிம்பை ஒட்டியே ஓடும் ஆழமான வாய்க்காலை அவனுக்குக் காட்டினேன். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த என் அப்பா, அப்படியொரு வாய்க்காலின் கரையில் நின்றுதான் பந்தயம் பார்த்ததாகச் சொல்வார். தமக்கும் கார்களுக்கும் இடையே ஒரு கயிறுகூட இருந்ததில்லை என்பார்.

1961 முதல் 1973 வரை இந்தச் சாலையும் அப்பர் தாம்சன் ரோடும் சேர்ந்து ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் பந்தயத்தடமாக இருந்தன. ‘தாம்சன் மைல்’ என்ற நேர்பாதையும், ‘பாம்பு’ என்று பெயர்பெற்ற தொடர் வளைவுகளும், ‘சாத்தான் வளைவு’ம் அன்றைய ரசிகர்களுக்கு மனப்பாடம். நியூசிலாந்தின் கிரேம் லாரன்ஸ் 1969 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இங்கே வென்றார். 1972, 1973 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஓட்டுநர்கள் உயிரிழந்தனர். அதற்குப்பின் பந்தயம் நடக்கவில்லை. அந்த முடிவில் எனக்கு வருத்தமில்லை. மரமும் வாய்க்காலும் விளக்குக் கம்பமும் ஓரத்தில் நிற்கும் பொதுச்சாலை, அந்த வேகத்துக்கு உரிய இடம் அல்ல. ஆனால் அந்தச் சாலைக்குப் பதிலாக, தப்பு நேர்ந்தாலும் உயிர் தப்பக்கூடிய ஒரு நிரந்தரத் தடத்தை நாம் இத்தனை ஆண்டுகளாகியும் கட்டிக்கொள்ளவில்லை என்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை.

கட்டுவதற்கு ஒருமுறை நெருங்கி வந்தோம். சாங்கியில் 41 ஹெக்டர் நிலத்தில் மோட்டார் விளையாட்டு மையம் ஒன்றை அமைக்கும் பொறுப்பு 2010இல் ஒரு தனியார் கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விமானங்களின் இரைச்சல் ஏற்கெனவே நிறைந்த வட்டாரம் என்பதால் இடத்தேர்வு சரியானது என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். 2011 தொடக்கத்தில் பணி நின்றது. வேண்டிய முதலீடு திரளவில்லை. 2012இல் ஒப்பந்தம் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. திட்டம் அறிவிக்கப்பட்ட நாளில் நானும் நண்பர்களும் தேக்காவில் தேநீர் குடித்தபடி, முதல் நாளே எத்தனை சுற்று ஓட்டுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

மரினா பேயில்தான் ஃபார்முலா 1 நடக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். 2008இல் உலகின் முதல் ஃபார்முலா 1 இரவுப் பந்தயம் நம் ஊரில் நடந்தபோது நானும் பெருமையோடு பார்வையாளர் மேடையில் அமர்ந்திருந்தேன். 2012இல் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் அதே தடத்தில் ஓட்டியபோது, எங்கள் வரிசையில் இருந்த தமிழர்கள் எல்லாரும் எழுந்து நின்று கத்தினோம். என்றாலும் அது பார்ப்பதற்கான தடம். மூன்று நாள் முடிந்ததும் தடுப்புகளைக் கழற்றிவிடுவார்கள். திங்களன்றோ அதற்குச் சில நாள் கழித்தோ அதே சாலையில் பேருந்து ஓடும். சுவர்கள் தடத்தை ஒட்டி நிற்பதால், கீழே விழுந்து சறுக்கும் மோட்டார்சைக்கிளோட்டிக்கு அங்கே இடமே இல்லை.

விழுந்தால் சறுக்க இடம் இருப்பதன் அருமையை நான் மலேசியாவின் சிப்பாங் பந்தயத்தடத்தில்தான் உணர்ந்தேன். ஆண்டுக்கு இரண்டு முறையாவது விடியுமுன் சோதனைச்சாவடியைக் கடந்து, முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச்சென்று, பணம் கட்டி அந்த 5.543 கிலோமீட்டர் தடத்தில் ஓட்டுவது என் வழக்கம். ஒருமுறை கடைசி வளைவில் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்ததால் முன்சக்கரம் நழுவி, நானும் வண்டியும் தனித்தனியே சறுக்கினோம். தோல் உடையின் முழங்கைப் பகுதி தேய்ந்து கிழிந்தது. சரளைக்கற்கள் காலணிக்குள் புகுந்தன. தடப் பணியாளர் மஞ்சள் கொடியை அசைத்துக்கொண்டிருக்க, நான் எழுந்து நடந்தேன். அதே தவறை விரைவுச்சாலையில் செய்திருந்தால் தடுப்புக் கம்பியின் தூண் என்னை நிறுத்தியிருக்கும். என் மகன் பயிற்சி நிலையத்தில் மெதுவான வேகத்தில் பிரேக் பிடிக்கக் கற்கிறான். உரிமம் பெற்ற மறுநாளே மணிக்கு 90 கிலோமீட்டர் அனுமதிக்கப்பட்ட சாலையில் ஏறப்போகிறான். இடைப்பட்ட அந்த வேகங்களில் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவன் எங்கே போய்க் கற்பான்?

ஆகவே புதிய தடம் ஒன்றைப் பற்றி மீண்டும் பேசுவோமானால், ஃபார்முலா 1 கனவை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பந்தயத்துக்குக் குறைந்தது 3.5 கிலோமீட்டர் தடம் வேண்டும், பெரிய மேடைகள் வேண்டும், அவற்றுக்கான கடனும் கூடவே வந்து சேரும். நமக்கு அதில் பாதி நீளம் போதும். 12 மீட்டர் அகலம், வளைவுகளுக்கு வெளியே தாராளமான சரளைப்பரப்பு, நம் ஊர் மழையை உடனுக்குடன் வடிக்கும் வடிகால், வாரநாளில் பயிற்சி, வார இறுதியில் மன்றங்களின் பந்தயம். சென்னையில் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று ஒரு தடத்தை உருவாக்கியது. 1990இல் திறந்த அந்தத் தடத்தில் இன்றும் இளைஞர்கள் ஓட்டுகிறார்கள். ஓட்டுபவர்களே கட்டியதால்தான் அது நிலைத்தது என்று நம்புகிறேன்.

நிலம்தான் பெரிய கேள்வி, அதை மறுக்கவில்லை. கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5 அன்று கடைசிக் குதிரைப்பந்தயம் நடந்து முடிந்தது. அந்த நிலத்தில் வீடுகள் வரவிருக்கின்றன, வரத்தான் வேண்டும். வீட்டுக்கு உதவாத, இரைச்சல் மிகுந்த துண்டு நிலங்கள் தீவின் ஓரங்களில் உண்டு. அவற்றில் ஒன்றைப் பத்தாண்டுக் குத்தகைக்குக் கேட்டு மோட்டார்சைக்கிள் மன்றங்கள் ஒன்றுகூடி விண்ணப்பிக்கலாம் என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். மனுவின் முதல் வரைவை இந்த வாரம் எழுதத் தொடங்கிவிட்டேன்.