"ஆமா"ன்னு சொன்னா போதுமாம்

போன மாதம் மச்சானோடு ஒரு நாள் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தேன். எழும்பூரா, சைதாப்பேட்டையா, ஜார்ஜ் டவுனா என்று கேட்காதீர்கள், எனக்கு வீட்டில் சோறு வேண்டும். ராத்திரி வண்டியை மடக்கி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால் கேஸ், இவர் தாண்டியது கொஞ்சநஞ்சமில்லை. முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், இல்லை ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

பத்து மணிக்கு வரச் சொன்னவர்கள் பெயரைக் கூப்பிட்டபோது மணி ஒன்றாகப் போகிறது. அதற்குள் வராண்டாவில் ஏட்டய்யா ஒருவர் எல்லோருக்கும் ஒரே பாடம்தான் எடுத்தார்: "மாஜிஸ்திரேட் அம்மா கேட்டா 'ஆமா'ன்னு சொல்லுங்க, கட்டிட்டு போயிட்டே இருங்க."

மச்சானுக்கு அது சரி, செய்த தப்புதானே. எனக்கு உறுத்தியது பக்கத்தில் இருந்த பூக்காரப் பாட்டி. பிளாட்பாரத்தில் கடை போட்டு வழியை மறித்ததாக பெட்டி கேஸ். பழைய சட்டத்தில் இதற்கு அதிகபட்சம் 200 ரூபாய்தான் அபராதம், 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் 5,000 வரை போடலாம். கூடையை டீக்கடையில் வைத்துவிட்டு வந்திருந்தார், பூ வாடிவிடுமே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றதும், கேள்வி முழுசாக வருவதற்குள் "ஆமாம்மா" என்றார். இரண்டு நிமிடம்கூட இல்லை.

அந்த "ஆமா"வுக்கு பெயர் தண்டனைத் தீர்ப்பு. ஒப்புக்கொண்ட பிறகு, நான் செய்யவில்லை என்று அப்பீல் போக முடியாது, தண்டனை அதிகம், சட்டப்படி இல்லை என்று வேண்டுமானால் போகலாம். வக்கீலுக்குப் பணமில்லையா, பெண்கள் என்றால் வருமானமே பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987 சட்டம் சொல்கிறது. வராண்டா பாடத்தில் இது மட்டும் வரவில்லை. அப்புறம், நான் மட்டும் என்ன, வீட்டுக்கு வந்து தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சுருக்குப்பையிலிருந்து ஈரநோட்டுகளை எண்ணிக் கட்டிவிட்டு வந்த பாட்டி ரசீதை என்னிடம் நீட்டினார். "தம்பி, படிச்சு சொல்லு. பணம் கட்டியாச்சுல்ல, நாளைக்கு அதே இடத்துல கடை போடலாமா?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் தன்னுடைய ரசீதை மடித்துக்கொண்டிருந்தார்.